பாத்ரூம் செருப்பு

ஜுவேரியாவின் கால் செருப்புக்குள் போகவில்லை. போன வாரம் வரைக்கும் விரல் நுனியை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டித் தட்டி எப்படியோ திணித்துக்கொண்டிருந்தாள். இன்று அதுவும் நடக்கவில்லை. கட்டைவிரல் வாருக்குள் போனதோடு சரி, மற்றதெல்லாம் வெளியே நின்றுவிட்டது. குனிந்து பார்க்கலாம் என்றால் ஒன்பதாம் மாத வயிறு குறுக்கே நின்றது. தன் கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி எதிரே நாற்காலியில் போட வேண்டியிருந்தது. போட்டுப் பார்த்தாள். கணுக்கால் எலும்பு இருந்த இடமே தெரியவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி சாவகாசமாக நிறைந்தது.

"நேரமாவுது ஜுவேரியா. ஆட்டோக்காரரு ஆரன் அடிச்சிகினே கீறாரு" என்று வாசலிலிருந்து மாமியார் ஜமீலுன்னிசா குரல் கொடுத்தாள். செக்கப்புக்குப் போகும் நாள் அது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜுவேரியா பாத்ரூம் பக்கம் போனாள். கதவோரம் புருஷன் ஆதிலின் ரப்பர் செருப்பு கிடந்தது. வெள்ளை அடி, நீல வார், ஈரத்தில் ஊறி ஊறிக் குதிகால் பக்கம் பழுப்பேறிய பழைய செருப்பு. ஆதில் இறந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய பிறகு அவனுடைய சட்டைகள், பேன்ட்டுகள், வாட்ச், பெருநாளைக்கு வாங்கிய தோல் செருப்பு எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பாத்ரூம் செருப்பை யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. அதை ஒரு பொருளாகவே யாரும் நினைக்கவில்லை. ஜுவேரியா வலது காலை அதில் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

மாமி பார்த்தாள். ஆம்பிளைச் செருப்பைப் போட்டுக்கொண்டா ரோட்டில் இறங்குவது என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். எந்த ஆம்பிளையுடைய செருப்பு என்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

சைதாப்பேட்டையில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஜுவேரியாவின் அம்மா வீடு ஆதம்பாக்கத்தில். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எல்லா வீட்டு வழக்கம்போல அவர்கள் வழக்கமும். ஏழாம் மாதம் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. பச்சைக் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்திருந்தார்கள். அவளுக்கு ஆறு மாதம் முடிகிற சமயத்தில், தி. நகரில் சோபா கவர் தைக்கிற கடையிலிருந்து மழையில் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்த ஆதில், பாலத்து இறக்கத்தில் வழுக்கி ஒரு பஸ்ஸுக்குக் கீழே போனான். அதற்கப்புறம் அம்மா வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. புருஷனை இழந்தவள் புருஷன் வீட்டிலேயே இத்தா என்னும் துக்கக் காலத்தைக் கழிக்க வேண்டும். வெள்ளை உடை, பூ கிடையாது, அத்தர் கிடையாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது, டாக்டரிடம் போவதைத் தவிர வாசல் தாண்டக் கூடாது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஐயோ பாவம், வயிற்றுப்பிள்ளைக்காரி அடைந்து கிடக்கிறாளே என்றார்கள். ஜுவேரியாவுக்கு அது அடைப்பாகவே தோன்றவில்லை. ஆதிலின் கட்டில், ஆதிலின் சுவர், ஆதில் சட்டை மாட்டிய ஆணி. இந்த வீட்டை விட்டு அவளை யாரும் கிளப்ப முடியாது என்று மார்க்கமே சொல்லிவிட்டது. அவளுக்கு மிச்சம் வைக்கப்பட்டிருந்த ஒரே நல்லது அதுதான்.

அதிலும் மண் விழுந்தது. இத்தா என்றால் நான்கு மாதம் பத்து நாள் என்றுதான் வீட்டுப் பெண்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, முகம் பார்த்துச் சிரிக்கிறவரைக்கும் அவள் இங்கேயே இருந்திருப்பாள். நாற்பதாம் நாள் ஓத வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் கூடத்தில் உட்கார்ந்து மாமனார் ஷாஹுல் ஹமீதிடம் விளக்கியது திரைக்கு இந்தப் பக்கம் இருந்த அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"புள்ளத்தாச்சிக்கு அந்தக் கணக்கு கெடையாது பாய். வயித்துல கீறது வெளிய வர்ற வரைக்கும்தான் இத்தா. நாளைக்கே பொறந்தாலும் நாளையோட முடிஞ்சிச்சு. அல்லா லேசாக்கி வெச்சிருக்கான்."

பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். பக்கத்தில் இருந்த யாரோ அவள் முதுகைத் தடவினார்கள். ஜுவேரியா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அதுவரை உள்ளே பிள்ளை மட்டும் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து கெடுவும் உள்ளேயே வளர ஆரம்பித்தது.

அண்ணன் ஃபராஸ் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து ஆதம்பாக்கத்திலிருந்து வருவான். மாதுளம்பழம், பேரீச்சம்பழம், இளநீர் என்று கை நிறைய வாங்கி வருவான். தங்கை மேல் உயிரையே வைத்திருந்தான், அதில்தான் சிக்கலே. இத்தாவில் இருப்பவளிடம் மறுகல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவளிடம் எடுக்கவில்லை. அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று மாமியிடம் சொன்னான். "நல்ல எடம் ஒண்ணு கீது மாமி. பொண்டாட்டி மௌத்தாயிட்டா, கொழந்த இல்ல. புள்ளையோட ஏத்துக்கறேன்றாரு. அவசரம் ஒண்ணும் இல்ல, எல்லாம் முடியட்டும்." எல்லாம் முடியட்டும் என்றால் என்ன முடியட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி தலையைக் குனிந்துகொண்டு இளநீரை டம்ளரில் ஊற்றினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஆதிலின் தம்பி இருக்கிறானே, ஜுவேரியா கண்ணில் படக் கூடாதென்று இத்தனை நாளாக அத்தா ஷாஹுல் ஹமீதின் பை ரிப்பேர் கடையில் ஜிப்புகளுக்கும் ரெக்சின் துண்டுகளுக்கும் நடுவே படுத்து எழுந்திருக்கிறான். அவனுக்கு நிச்சயமான நிக்காஹ் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு அறையில் எத்தனை பேரைப் படுக்க வைப்பது? யாரும் கெட்டவர்களில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஜுவேரியா சண்டை போட்டிருப்பாள்.

கர்ப்பிணியைக் கண்டால் ஊரே டாக்டராகிவிடுகிறது. மல்லாந்து படுக்காதே, இடது பக்கமாகப் படு. நெஞ்சு கரித்தால் ஆறின பால் குடி. காலைத் தலையணை மேல் தூக்கி வை. வயிறு அரித்தால் சொறியாதே, தேங்காய் எண்ணெய் தடவு, வாசனை எண்ணெய் வேண்டாம், இத்தாவில் கூடாது. எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். ஆனால் அவளுக்கு வேண்டியது சௌகரியம் இல்லை. பிள்ளை விலாவுக்குள் காலை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து மூச்சு முட்டும்போது, நாலு வாய் சாதத்துக்கு மேல் தொண்டைக்குக் கீழே இறங்க மறுக்கும்போது, புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது, அவள் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தாள். இன்னும் இருக்கிறது, இன்னும் வரவில்லை. இந்த வலி எல்லாம் ஆதிலிடமிருந்து வந்தவை. இவை போய்விட்டால் ஆதிலிடமிருந்து வர வேறு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு சௌகரியத்தை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள். அது ஆதில் ஐந்தாம் மாதத்தில் தைத்துக் கொடுத்த நீளத் தலையணை. ஏதோ கடையில் கர்ப்பிணிகளுக்கென்று விற்பதைப் பார்த்துவிட்டு வந்து, யாரோ அடையாறு பங்களாக்காரர் சோபாவுக்கு எடுத்ததில் மீந்த மெரூன் துணியில், இலவம் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தான். அவள் உயரத்துக்கே இருந்தது. ஒரு முனையை மட்டும் முழுசாகத் தைக்காமல் நாலு ஓட்டுத் தையலில் விட்டிருந்தான்.

"ஏன் மச்சான் இத அப்டியே உட்டுட்ட?" என்று கேட்டாள்.

"பஞ்சு அமுங்கிடும் ஜுவி. வயிறு பெருசாவும்போது இன்னும் ரெண்டு பிடி போட்டுத் தரேன், அப்பறம் மூடிக்கலாம். இன்னா, ராணியம்மாவுக்கு அதுக்குள்ள அவசரமா?" என்றான்.

பஞ்சு அவன் சொன்னபடியே அமுங்கிப்போயிருந்தது. அவள் அதை முழங்கால்களுக்கு நடுவில் கொடுத்து, வயிற்றின் அடியில் ஒரு பாகத்தைச் செருகி, மேல் நுனியைக் கட்டிக்கொண்டு படுப்பாள். ஓட்டுத் தையல் முகத்துக்கு நேரே இருக்கும்.

அன்றைக்குச் செக்கப்பில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலை நன்றாகத் திரும்பியிருக்கிறது, இனி என்றைக்கு வேண்டுமானாலும் ஆகலாம், வலி வந்தாலோ பனிக்குடத் தண்ணீர் உடைந்தாலோ உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்றாள். பிரஷரைக் கவனிக்கச் சொன்னாள். ஜுவேரியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பும்போது ஆட்டோவில் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாலத்து இறக்கம் வந்தபோது இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கண் விழித்தபோது மூச்சு தாராளமாக வந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை வைக்க இடம் இருந்தது. விலாவில் முட்டு இல்லை. நடந்தால் மட்டும் தொடை இடுக்கில் ஒரு பாறாங்கல். டீயோடு வந்த மாமி பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "வயிறு எறங்கிடுச்சு. அல்ஹம்துலில்லாஹ், இனிமேட்டு நல்லா மூச்சு வுடலாம்." ஜுவேரியா சிரித்ததுபோல ஏதோ செய்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆதிலின் செருப்பில் நின்றுகொண்டு அழுதாள். வாளி நிரம்பி வழிந்தது. இத்தனை நாளில் அவள் இப்படி வாய்விட்டு அழுததில்லை. ஆதிலின் மையத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று எல்லோரும் அதட்டி அவள் வாயை மூடியிருந்தார்கள்.

மறுநாள் இடுப்பில் வலி தொடங்கியது. முதலில் யாரோ பின்பக்கம் நாடாவை முடிச்சுப் போடுவதுபோல லேசாக இறுக்கியது. விட்டது. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவும் இறுக்கியது. இது வழக்கமாக வந்து போகிற பொய்வலி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமி சமையல்கட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒரே ஒரு சொல் போதும். ஜுவேரியா மடித்த துணியைப் பீரோவில் வைத்துவிட்டு அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

இன்னும் ஒரு நாள், அவள் வேறு எதையும் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வருவது வந்தே தீரும், அதைத் தடுக்க அவளால் முடியாது என்பதும் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கிற நிமிஷத்தில் ஆட்டோ வரும், ஃபராஸுக்குப் போன் போகும், இந்தக் கட்டிலிலிருந்து எழுந்தால் எழுந்ததுதான். ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் அவள் தலையணையின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். ஓட்டுத் தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. நாக்கில் பஞ்சு ஒட்டியது. ஆதிலின் கை அடைத்த பஞ்சு என்று நினைத்து அதைத் துப்பாமல் வைத்துக்கொண்டாள்.

பிறகு உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விட்டுப்போனதுபோல் இருந்தது. தொடைக்கு நடுவில் வெதுவெதுப்பாக இறங்கியது. நைட்டி, விரிப்பு, கால்களுக்கு நடுவில் இருந்த தலையணை எல்லாம் நனைந்தன. அவள் எழுந்து வேறு நைட்டி மாற்றிக்கொண்டு, தலையணையைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்துத் திரும்பவும் படுத்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "இரு. என் தங்கம்ல, இன்னும் கொஞ்சம் இரு."

காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையாமல் கிடந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அவள் நினைத்தாள்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆதிலின் தங்கை சாய்மா சோற்றுத் தட்டோடு வந்தாள். வாயாடிப் பெண், அண்ணன் போன பிறகு அண்ணியிடம் மட்டும் அளந்து பேசினாள்.

"இன்னா அண்ணி, வேர்த்து ஊத்துது? ஃபேனக்கூடப் போட்டுக்காம."

"ஒண்ணும் இல்ல. நீ வெச்சிட்டுப் போ."

"கொஞ்சம் எழுந்துக்கோ, தலகாணிய மாடில வெயில்ல போட்டுட்டு வரேன். வெயில் நல்லாக் கீது" என்று சாய்மா தலையணையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. இலவம் பஞ்சு, ஒரு கையால் தூக்கிப்போடுகிற கனம்தான் இருக்க வேண்டும். அது மூட்டைபோலக் கிடந்தது. "இன்னா இது, இப்டி ஊறிப்போய்க் கீது?"

"சொம்பு கொட்டிடுச்சு."

சாய்மா கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு துண்டை இழுத்தாள். மெரூன் துணியில் ஈரம்தான் தெரிந்தது, வெள்ளைத் துண்டில் பச்சை தெரிந்தது. பாசித் தண்ணீர்ப் பச்சை. அவள் தட்டைக் கீழே போட்ட சத்தமும், "அம்மா!" என்று கத்திய சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தண்ணீர் எப்போது உடைந்தது? நர்ஸ் கேட்டாள், சின்ன டாக்டர் கேட்டார், பெரிய டாக்டரம்மா கோபமாகவே கேட்டாள். "உள்ளேயே மலம் போயிருக்கு. குழந்தையோட துடிப்பு இறங்குது. சொல்லும்மா, எப்போ?" ஜுவேரியா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மாமி பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது ஜுவேரியாவுக்குத் தெரிந்தது. "தூங்கிகினு இருந்தா டாக்டர், அவளுக்குத் தெரியல" என்று மாமி பொய் சொன்னாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போயின. கால் வீக்கம், இடுப்புக் குடைச்சல், தொடை இடுக்கின் பாறாங்கல், எதுவும் இல்லை. இத்தனை மாதத்தில் அவள் உடம்பு இவ்வளவு சௌகரியமாக இருந்ததே இல்லை. அந்தச் சௌகரியம் அவளைப் பயமுறுத்தியது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவளை யாரோ பெட்டியைத் திறப்பதுபோல் இழுத்தார்கள், அசைத்தார்கள். பிறகு வயிறு காலியானது தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. டாக்டர்கள் பேசுவது நின்றுபோனது. ஏதோ குழாயில் உறிஞ்சுகிற ஓசை மட்டும் கேட்டது. இரு என்றுதானே சொன்னேன், இப்படியா இருக்கச் சொன்னேன்? "வா, வந்துடும்மா, வந்துடு" என்று அவள் உதடு அசைந்தது. இத்தா போகட்டும், வீடு போகட்டும், எல்லாம் போகட்டும், நீ அழு. மயக்க மருந்து டாக்டர் குனிந்து, "என்னம்மா?" என்று கேட்டார்.

குரல் வந்தது. பூனைக்குட்டி அளவுக்கு ஒரு குரல். ஜுவேரியா உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுதாள். அந்தக் குரலோடு இத்தா முடிந்துவிட்டது, ஆதிலுக்கும் தனக்கும் இருந்த கடைசிக் கணக்கும் முடிந்துவிட்டது என்றும் அழுதாள். எது எந்த அழுகை என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பெண் குழந்தை. மூச்சு சரியாகும்வரை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த மாமி கட்டிலோரம் நின்றாள். ஜுவேரியாவின் தலையிலிருந்த வெள்ளைத் துப்பட்டாவை மெதுவாக உருவி எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். வேறொன்றை எடுத்துப் போர்த்தினாள். சின்னச் சின்ன மஞ்சள் பூப்போட்ட துப்பட்டா.

"முடிஞ்சிச்சும்மா" என்றாள். "இனிமே இதப் போட்டுக்கலாம்."

"தலகாணி மாமி?"

மாமி போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "உள்ள வரைக்கும் ஊறிடுச்சும்மா. ரெண்டு நாளு காய வெச்சோம், நாத்தம் போவல. காலைல குப்ப வண்டில போட்டுட்டாங்க."

வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்குள் தையல் காய்ந்து, பால் சுரந்து, பிள்ளையும் கைக்கு வந்துவிட்டது. ஃபராஸ் கார் எடுத்துக்கொண்டு வந்தான். நேரே ஆதம்பாக்கம். தலைப்பிரசவம்தான் மாமியார் வீட்டோடு போய்விட்டது, பத்தியமாவது அம்மா வீட்டில் நடக்கட்டும் என்றான். நியாயம்தான், யாரும் மறுத்துப் பேச முடியாத நியாயம். மாமனார் பிள்ளையின் காதில் இரண்டாம் தடவையாக ஏதோ ஓதி, நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஃபராஸ் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தான். உள்ளே புதுச் செருப்பு, பட்டையில் சின்னச் சின்னக் கல் வைத்தது.

"உன் பழைய அளவுதான் ஜுவி. கால் வத்திடுச்சுன்னு அம்மா சொன்னாங்க" என்றான்.

அவள் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். இப்போது குனியாமலே தெரிந்தது. கணுக்கால் எலும்பு இருந்தது. விரல்கள் தனித்தனியாக இருந்தன. நரம்பு தெரிந்தது. கல்யாணத்துக்கு மருதாணி வைத்த அதே கால், ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பி வந்திருந்தது. கட்டிலுக்கு அடியில், ஆஸ்பத்திரிக்கு அவள் போட்டுக்கொண்டு வந்த ஆதிலின் ரப்பர் செருப்பு கிடந்தது. அவள் காலைக் கீழே விட்டு, துழாவி, அதில் நுழைத்தாள். முன்னால் விரல்கள் வெறும் இடத்தில் தடுமாறின. பின்னால் இரண்டு விரற்கடை காலியாக, ஆதிலின் குதிகால் தேய்த்த பழுப்புக் குழி தனியாகத் தெரிந்தது.

ஃபராஸ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிள்ளையை மாமி தூக்கிக்கொண்டாள். கார் வரைக்குமாவது நான் தூக்கி வரேன் என்று யாரிடமோ கெஞ்சுவதுபோலச் சொன்னாள். சாய்மா பையை எடுத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் ஜுவேரியா காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். தையல் இழுத்தது. எதிரே வந்த ஒரு கர்ப்பிணி, இடுப்பில் கை ஊன்றி, அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தவள், நின்று பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜுவேரியா அவள் வயிற்றைப் பார்த்தாள்.

வாசல் படியில் இறங்கும்போது வலது கால் இறங்கியது, செருப்பு மேல்படியிலேயே நின்றுவிட்டது. உள்ளங்காலில் வெயில் காய்ந்த சிமென்ட் சுட்டது.

"அத உடு ஜுவி. அதான் புதுசு கீதுல்ல" என்றான் ஃபராஸ், முடிந்தவரை மெதுவாக.

காரின் பின்கதவு திறந்திருந்தது. மாமி பிள்ளையோடு அதன் அருகே போய்விட்டாள். ஜுவேரியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி, இறங்கிய படியைத் திரும்பவும் ஏறினாள். காலைச் செருப்புக்குள் விட்டாள். கழன்று போகாமல் இருக்க விரல்களை மடக்கி, நகம் வெளுக்கும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி அடுத்த படியில் வைத்தாள்.